பிள்ளை பிறந்தாச்சு, தாயை யார் பார்ப்பது?

"எந்த ஆஸ்பத்திரியில பார்க்கலாம்க்கா?" என்று என்னிடம் கேட்கும் கர்ப்பிணிப் பெண்கள் எல்லாருமே குழந்தை வெளியே வரும் நிமிடம் வரைக்கும்தான் கேட்கிறார்கள். டாக்டரம்மா பொறுமையாகப் பேசுவாரா, சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வார்களா, அறை எப்படி இருக்கும், எவ்வளவு ஆகும் என்பதோடு சரி. அதற்கப்புறம் வரும் நாட்களைப் பற்றி இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை.

எனக்கு இரண்டு பிரசவம். மூத்தவள் டெல்டா பக்கத்து டவுன் ஒன்றில், தனியார் நர்சிங் ஹோமில், சுகப்பிரசவமாகப் பிறந்தாள். இளையவன் பிறந்தது பெரிய அரசு மருத்துவமனையில், சிசேரியன். தனியார் உசத்தி, அரசு மட்டம் என்றோ, இல்லை அதற்கு நேர்மாறாகவோ நான் சொல்லப்போவதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே விஷயம்தான் நடந்தது. குழந்தை பிறந்த மறு நிமிடம் வரை நான் நோயாளி. அதற்கப்புறம் குழந்தைக்கு அட்டெண்டர். வருகிறவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், எடை கேட்பார்கள், யார் ஜாடை என்று பேசுவார்கள். கட்டிலில் இன்னொரு உயிரும் கிடக்கிறது என்பது யார் கண்ணிலும் படாது.

நர்சிங் ஹோமில் அறையைக் குறை சொல்ல முடியாது. ஏ.சி., வெந்நீர், துணைக்கு இருப்பவருக்குத் தனிக் கட்டில். டாக்டரம்மா கைராசிக்காரர், பிரசவத்தை நன்றாகவே பார்த்தார். மறுநாள் காலையில் கதவருகே நின்று "என்னம்மா, பால் வருதா? மோஷன் போனியா?" என்று கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மாவைப் பார்த்து "பேபி சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தையல் போட்ட இடத்தை யாரும் பார்க்கவில்லை. உட்கார முடியவில்லை என்று சொன்னால், "நார்மல் டெலிவரின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். இரவில் இருந்தவர்கள் பயிற்சிக்கு வந்த சின்னப் பெண்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லிக் கொடுக்க ஆளே இல்லாமல் வார்டை அவர்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் இரவு வலி மாறியது. அதுவரை சுருக் சுருக்கென்று இருந்தது, ஒரே பக்கமாகக் கனத்துத் தெறிக்க ஆரம்பித்தது. அம்மா மொபைல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் வீங்கி நீலம் பாரிச்சிருக்குடி" என்றாள். அவள் படித்தது எட்டாம் வகுப்பு. நேராகப் போய் டியூட்டி மேசை முன்னால் நின்றுகொண்டு, "டாக்டர் வந்து பார்க்காம நான் நகர மாட்டேன்" என்றாள். வந்து பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. தையலைப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.

தையல் வலி இருக்கத்தான் செய்யும், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, ஒரு பக்கமாகக் கனத்தாலோ, வாடை அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, "சிஸ்டர், தையலைப் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் வரும். இன்னொன்று, பிரசவமாகி 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போயாக வேண்டும். எரிச்சலுக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது. அது சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. இதன் அர்த்தம் எனக்கு இரண்டாவது பிரசவத்தில்தான் முழுசாகப் புரிந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே நர்சிங் ஹோமில் முதல் நாள் ராத்திரி பாப்பா விடாமல் அழுதாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பெண் பாலாடையில் பவுடர் பாலைக் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள். டிஸ்சார்ஜ் பில்லில் டின் விலை இருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடரை விளம்பரம் செய்வதற்கும் ஆஸ்பத்திரி வழியாக விற்பனையை வளர்ப்பதற்கும் நம் நாட்டில் 1992-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். பிறந்த அன்றைக்குக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி கொண்டால் அதிகம். ஒரு டீஸ்பூன் அளவுதான். சொட்டுச் சொட்டாக வரும் சீம்பால் அதற்குப் போதும். "பால் ஊறல, புள்ள பசியில கத்துது" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருந்தால் நாம் நிலைகுலைய மாட்டோம். டாக்டர் காரணம் சொல்லி பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், கொடுக்கத்தான் வேண்டும். அழுகையை நிறுத்துவதற்காகக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதை முறையாகச் சொல்லிக் கொடுத்தது அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ். கட்டில் போதாமல் சிலர் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த வார்டு அது. ஃபேன் காற்று பாதிக் கட்டில்களுக்கு வராது. கழிவறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனால் தியேட்டரிலிருந்து வந்து கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மா வந்து, மல்லாந்து கிடந்த என் பக்கத்தில் குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார். சிசேரியன் என்றால் மறுநாள்தான் பால் கொடுக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன். "யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து மார்பின் கீழே நாலு விரல், மேலே கட்டை விரல் என்று வைத்தார். "காம்ப மட்டும் வாயில வெச்சா எப்படிக் குடிப்பான்? கறுப்பு வட்டம் உள்ள போகணும். புள்ளைய மாருக்குக் கொண்டு வா, மாரப் புள்ளைக்கிட்ட கொண்டு போகாத." குழந்தையின் மேலுதட்டை விரலால் தொட்டார். அவன் வாயை அகலத் திறந்த நொடியில் தலையைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு. அவ்வளவுதான். மூத்தவளுக்குக் காம்பு வெடித்து ரத்தம் வரும் அளவுக்கு நான் பட்ட பாடு ஒரு நிமிட வேலையாக இருந்திருக்கிறது. ஏ.சி. அறையில் அந்த ஒரு நிமிடத்தை யாரும் எனக்குத் தரவில்லை.

அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்வு செய்யும்போது நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். ராத்திரி வார்டில் படித்த நர்ஸ் எத்தனை பேர் இருப்பார்கள்? பால் கொடுக்கச் சொல்லிக் கொடுக்கிறவர் யார்? இரண்டுக்கும் பதில் சொல்லாமல் மழுப்பினால், அறைகளைச் சுற்றிக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சிசேரியனுக்குப் பிறகு முதல் தடவை எழுந்திரிப்பதுதான் பெரிய கண்டம். யூரின் டியூபை எடுத்துவிட்டு "எழுந்து நடம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படி எழுந்திரிப்பது? கட்டிலோ உயரம், ஏற இறங்கப் படி கிடையாது. நேராக எழப் பார்த்தபோது வயிறு கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். எதிர்க் கட்டில் பெண்ணின் மாமியார்தான் வந்து, "ஒருக்களிச்சுப் படு தாயி, காலை முதல்ல கீழ தொங்க விடு, முழங்கையை ஊனி எந்திரி" என்று சொல்லிக் கொடுத்தார். எழுந்ததும் சட்டென்று நிற்கக் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து தலை சுற்றல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். நின்றவுடன் ஒரு கொத்தாக ரத்தம் இறங்கும். படுத்திருந்தபோது தேங்கியது, பயப்பட வேண்டாம். இருமினால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். உட்கார்ந்தால் தாங்க முடியாத தலைவலி, படுத்தால் போய்விடுகிறது என்றால், அது முதுகில் போட்ட ஊசியால் வருவதாக இருக்கலாம். காப்பி குடித்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி, பின்னால் சொல்கிறேன் என்ற அந்த இரவு. நடுநிசி தாண்டியிருக்கும். இரண்டு கட்டில் தள்ளி, அன்று மாலைதான் சுகப்பிரசவமான ஒரு பெண். இரண்டாவது குழந்தை. கூட அவளுடைய பாட்டி. அந்தப் பெண் "குளிருது, குளிருது" என்றாள். பாட்டி போர்வையைப் போர்த்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் பேசுவது குழறியது. பாட்டி போர்வையை விலக்கிப் பார்த்தவர், "ஐயோ, மெத்தை நனைஞ்சு கிடக்கே" என்று கத்தினார். என் அம்மா ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டி வந்தாள். அந்த ஷிஃப்டில் அந்தப் பெரிய வார்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான். அவர் வந்தவுடன் செய்த முதல் வேலை, தொப்புளுக்குப் பக்கத்தில் கையை வைத்து அழுத்தித் தேய்த்தது. "தொளதொளன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே டியூப் போட்டார். ஒன்றரை லோட்டா சிறுநீர் வந்தது. ஊசி, டிரிப்ஸ், ஓடி வந்த டியூட்டி டாக்டர், ரத்தம் கேட்டு வெளியே ஓடிய கணவன். விடியும்போது அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் 24 மணி நேரம்தான் மிக ஆபத்தானது. அரை லிட்டர் ரத்தம் போனாலே அதிக ரத்தப்போக்கு என்று கணக்கு. துணியிலும் மெத்தையிலும் இறங்கும் அரை லிட்டரை யார் அளக்கிறார்கள்? அதனால் கூட இருப்பவர்தான் பார்க்க வேண்டும். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக நனைந்தால், பெரிய கட்டிகள் வந்தால், தலைசுற்றல், படபடப்பு, குளிர் நடுக்கம் வந்தால், உடனே கூப்பிட வேண்டும். தொப்புள் பக்கத்தில் கை வைத்தால் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். அதை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று வார்டுக்கு வந்ததும் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டவர் சந்தோஷமாகத்தான் காட்டினார். போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்று விட்டுவிடக் கூடாது. பிரஷரும் அப்படித்தான். பிள்ளை பிறந்துவிட்டால் அந்த பயம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பிறந்து சில நாள் கழித்தும் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி மூன்றும் அதன் அறிகுறி.

லக்‌ஷ்யா என்று மத்திய அரசு 2017-ல் ஒரு தரத் திட்டம் கொண்டுவந்தது. அதன் கண் பிரசவ அறை மேலும் ஆபரேஷன் தியேட்டர் மேலும்தான். எங்கள் மருத்துவமனையில் பிரசவ அறை நிஜமாகவே பளிச்சென்று இருந்தது, சுவரெல்லாம் விளக்கப் படங்கள். பத்தடி தள்ளி வார்டுக்குள் வந்தால் வேறு உலகம். ராத்திரிக்கு ஒரு நர்ஸ் என்பது அந்த நர்ஸின் குற்றமில்லை. எழுத வேண்டிய பதிவேடுகளை எழுதவே அவருக்கு ஷிஃப்ட் போதாது.

அதனால்தான் துணைக்கு யார் இருப்பது என்பதைப் பாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். வார்டில் பெண்களைத்தான் விடுவார்கள். கணவர் வெளியே மரத்தடியில்தான் நிற்பார். மாமியாரா, அம்மாவா, யார் மனம் கோணும் என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். ராத்திரி கண் விழிக்கக்கூடியவர், சிஸ்டர் திட்டினாலும் திரும்பப் போய்க் கேட்கக்கூடியவர் யாரோ அவர்தான் இருக்க வேண்டும். என் பெரியம்மா பாசக்காரர், ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று சொல்லி ஒரு டம்ளருக்கு மேல் கொடுக்க மாட்டார். பால் கொடுக்கிற பெண்ணுக்குத் தாகம் எடுக்க எடுக்கத் தண்ணீர் வேண்டும். குடிக்காவிட்டால் மலம் இறுகித் தையலோடு சேர்ந்து உயிரை வாங்கும். பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து கொடுத்தார், அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

பணம். சொல்லாமல் விட முடியாது. அரசு மருத்துவமனையில் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை சாப்பாடும் உண்டு. குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்த வைத்தியமும் இதில் சேரும். இருந்தாலும் குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்ட ஒரு காசு, வீல்சேர் தள்ள ஒரு காசு. பையன் என்றால் கூடுதல், பெண் என்றால் கொஞ்சம் குறைவு. எங்களிடமும் கேட்டார்கள். என் கணவர், "ரசீது கொடுங்க, தர்றேன்" என்றார் சிரித்துக்கொண்டே. கேட்டவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். எல்லாராலும் இப்படிச் சொல்ல முடியாது. உள்ளே மனைவி படுத்திருக்கும்போது யாருக்குத்தான் பகைத்துக்கொள்ள மனம் வரும்? 104-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகாவது சொல்லுங்கள்.

கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி விஷயம் இன்னொன்று. தியேட்டரில், குழந்தையை எடுத்து முடித்து, நான் பாதி மயக்கமும் பாதி நடுக்கமுமாகக் கிடக்கும்போது தலைமாட்டில் ஒரு குரல்: "காப்பர்-டி வெச்சிடலாமாம்மா?" நானும் கணவரும் முன்பே பேசி முடிவு செய்திருந்ததால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அடுத்த கட்டில் பெண்ணுக்கு அது வைத்திருப்பதே டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்துதான் தெரிந்தது. நல்ல சாதனம்தான், பிரசவத்தோடு வைத்துக்கொள்வதும் வசதிதான். ஆனால் கேட்க வேண்டிய இடம் மாதாந்திரச் செக்கப், தியேட்டர் மேசை இல்லை. எட்டாம் மாதமே முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் எல்லாமே அவசரம். கட்டில் காலியாக வேண்டும், வண்டி காத்திருக்கிறது, ராகுகாலத்துக்குள் வீட்டுப் படி ஏற வேண்டும். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். அவசரப்படாமல் நின்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். தாயின் ஹீமோகுளோபின், கடைசியாகப் பார்த்த பிரஷர், தையல் தானாகக் கரையுமா பிரிக்க வேண்டுமா, எந்த மாத்திரை எத்தனை நாள். தாய் ரத்த வகை நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா. குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) ஊசி மூன்றும் அட்டையில் ஏறியிருக்கிறதா; காமாலை ஊசி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பிறந்த எடை, கிளம்பும் எடை இரண்டும் வேண்டும். முதல் வாரத்தில் 7 முதல் 10 சதவீதம் வரை எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். பிறந்த எடை மட்டும் தெரிந்தால், சொந்தக்காரர்கள் "இளைச்சுப் போச்சே" என்று சொல்லும்போது பதில் இருக்காது.

வீட்டுக்கு வந்தபின் இளையவனுக்குக் கண்ணும் காலும் மஞ்சளாகிவிட்டது. வெயிலில் காட்டச் சொன்னார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் வெயிலை நம்பி உட்காரக் கூடாது. திரும்பக் கொண்டுபோனோம், லைட்டில் வைத்தார்கள், சரியாயிற்று. ஆனால் அந்த நாட்களில் நான் அந்த ஆஸ்பத்திரியின் நோயாளி இல்லை. என் டிஸ்சார்ஜ் முடிந்துவிட்டது. வயிற்றில் தையலோடு வராந்தாவில் துண்டு விரித்து உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடும்போது உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். தாய்மாருக்கென்று ஒரு அறை இருந்தது, நிரம்பி வழிந்தது. இந்த நிலை வந்தால், டிஸ்சார்ஜ் ஆகாத தாயாக இருந்தால், குழந்தை வெளியே வரும் வரை தன் கட்டிலை விடாமல் கேட்டுப் பார்க்கலாம். சில டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு தாயையும் பிள்ளையையும் 2, 3 நாளுக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வந்தார். குழந்தையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்: "சிஸ்டர், எனக்குக் காரணமே இல்லாம அழுகை அழுகையா வருது." அவர் பையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு வாரம், பத்து நாள் இப்படி வந்து போவது சகஜம் என்றார். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால், தூக்கமே வராவிட்டால், பிள்ளை மேல் வெறுப்பு வந்தால் மறைக்காமல் சொல்லச் சொன்னார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். எங்கள் தெருவில் இன்னொரு பெண்ணுக்கு அது பயன்பட்டது. அவள் வீட்டில் அதற்குள் பேய் ஓட்ட ஆள் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றரை மாத ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது, குழந்தைக்குப் போட்டு முடித்து "அடுத்தது" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திரிக்கவில்லை. "எனக்கும் பிரஷர் பாருங்க, ரத்தம் பாருங்க, தையலையும் ஒரு தடவை பார்த்துடுங்க சிஸ்டர்" என்றேன். பின்னால் நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள், ஆனால் எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் அதையே கேட்டதையும் பார்த்தேன். என் ஹீமோகுளோபின் 9.2. 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் தனியாக. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. டீ குடித்த கையோடும் இரும்பு மாத்திரையைப் போடக் கூடாது. நான் கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும் மதியச் சாப்பாட்டோடும் முடித்துவிட்டு, இரும்பை ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன்.